எளியோர் கையில் இறைவன் காரியம்

(கடையநல்லூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேற்கே மலைத்தொடர் அரணாக நிற்க, அதன் மடியில் பிறந்த கருப்பாநதி வயல்களை நனைக்க, தொழுகைக்கு அழைக்கும் ஒலியும் ஆலயமணியின் ஓசையும் ஒரே காற்றில் கலந்து வரும் இந்தக் கடையநல்லூரில், இறைநம்பிக்கையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டும் என்று பணித்திருக்கிறீர்கள். இறைவனுடைய இலக்கணத்தை ஆராயும் பெரிய விசாரத்தை அதற்குரிய பண்டிதர்களிடம் விட்டுவிட்டு, அன்றாட வாழ்க்கையில் நம் ஒவ்வொருவர் முன்னும் வந்து நிற்கும் ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சரீரத்தில் பலமும் கையில் பொருளும் இல்லாத ஒருவன், ஆண்டவனை நம்பி ஒரு நற்காரியத்தில் இறங்கலாமா? இறங்கினால் அந்தக் காரியம் எந்த வழியாக நிறைவேறுகிறது?

நல்லது செய்யவேண்டும் என்ற எண்ணம் தோன்றாத மனிதர் அநேகமாக இல்லை. தெருவில் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போகாமல் திரிவதைக் காண்கிறோம். பக்கத்து வீட்டில் படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவருக்கு ஒருவாய்க் கஞ்சி கொடுக்க ஆளில்லை என்று கேள்விப்படுகிறோம். உள்ளம் ஒரு கணம் அசைகிறது. அசைந்த உள்ளத்தை அடுத்த கணமே அடக்கிவிடுவது எது என்று பார்த்தால், பெரும்பாலும் அது கல்நெஞ்சமன்று, கணக்கு. எனக்கே உடம்பு சரியில்லை, எனக்கே கடன் இருக்கிறது, பெண்ணைக் கரையேற்றவேண்டும், பையன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பத் தொடங்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாம் போடும் கணக்கிலே ஒரு பிழையும் இருப்பதில்லை. ஆனால் அந்தக் கணக்கு முழுவதிலும் ‘நான்’ என்ற ஒரே பெயர்தான் இருக்கிறது. என்னால் எல்லாம் ஆகும் என்று மார்தட்டுகிற அகங்காரியும், என்னால் ஒன்றும் ஆகாது என்று ஒதுங்குகிற நலிந்தவனும் வேறுவேறு திசையில் போகிறவர்கள் போலத் தோன்றினாலும், தன்னை மாத்திரமே எண்ணிப் பார்ப்பதில் இருவரும் ஒன்றே.

இஸ்லாமியர்களும் கிறிஸ்தவர்களும் ஒருங்கே போற்றும் மூசா நபியின் வரலாற்றை நினைத்துப் பாருங்கள். கொடுங்கோல் மன்னனாகிய பிர்அவ்னின் சபையில் போய் நின்று, அடிமைப்பட்ட மக்களை விட்டுவிடு என்று சொல்லுமாறு இறைவன் அவருக்குக் கட்டளையிட்டான். நாவன்மை வேண்டிய அந்தக் காரியத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவரோ, தம் நாவில் முடிச்சிருப்பதாக முறையிட்டவர். எனக்குத் துணையாக என் சகோதரன் ஹாரூனைத் தரவேண்டும் என்று அவர் கேட்டார், கேட்டது அருளப்பட்டது. நாவில் தடையில்லாத ஒருவர் தனியே போயிருப்பார். தடை இருந்ததனால் இரண்டு பேர் போனார்கள். நான் இன்று சொல்ல வந்ததன் சாரம் முழுவதும் இந்தச் சம்பவத்திலே அடங்கியிருக்கிறது. பலமுள்ளவன் தன் காரியத்தைத் தானே முடித்துக்கொள்கிறான். பலவீனனுக்கோ பிறர் கை வேண்டியிருக்கிறது. அப்படி வேண்டி அழைக்கப்பட்டு வருகிற கைகளின் வழியாகவே ஆண்டவன் தன் வேலையைச் செய்துகொள்கிறான். நமது குறை, பிறர் உள்ளே வருவதற்கு அவன் திறந்து வைத்த வாசல்.

சைவ மரபிலும் இதற்கு ஓர் அழகிய சான்று உண்டு. திருவாரூரில் பிறவியிலேயே பார்வையில்லாத தண்டியடிகள், கோயிலின் மேற்கிலுள்ள திருக்குளம் தூர்ந்துபோய்ச் சுருங்கியிருப்பதை அறிந்து, அதைத் தாமே தோண்டத் தலைப்பட்டார் என்று பெரியபுராணம் சொல்கிறது. குளத்துக்குள்ளே ஒரு தறியும் கரைமேலே ஒரு தறியும் நட்டு, இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி, அந்தக் கயிற்றைத் தடவிக்கொண்டே கூடையில் மண் சுமந்து கரையேறிக் கொட்டினாராம். கடவுள் கண் கொடுத்த அற்புதம் பிற்பாடு நிகழ்ந்தது. கண் வரட்டும், அப்புறம் தோண்டலாம் என்று அவர் காத்திருக்கவில்லை என்பதே நாம் கவனிக்கவேண்டியது. பக்தி அவரிடம் இருந்தது, கயிறும் இருந்தது. பக்தியிருப்பதனால் கயிறு வேண்டாம் என்று அவர் எண்ணவுமில்லை. கயிறு கிடைத்துவிட்டதனால் பக்தி வேண்டாம் என்று எண்ணவுமில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அதன்பின் அல்லாஹ்வின் மேல் பொறுப்புச் சாட்டு என்று நபிகள் நாயகம் ஒரு மனிதருக்குப் போதித்ததாக இஸ்லாமியப் பெரியோர்கள் எடுத்துரைக்கும் தவக்குல் என்னும் நெறியும் இதுவே.

புராணத்திலும் வேதத்திலும் நடந்ததைக் கேட்கிறோம், நம் காலத்தில் நடக்குமா என்று கேட்பவர்கள் நெடுந்தூரம் போகவேண்டாம். இங்கிருந்து சிறு தூரத்தில் இருக்கிற ஆய்க்குடிக்குப் போய்ப் பார்த்தால் போதும்.

ஆய்க்குடி பழம்பெருமை வாய்ந்த ஊர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஆய் அண்டிரனோடு தொடர்புடையதாகச் சொல்லப்படுவது. இப்பிறப்பில் கொடுத்தால் மறுபிறப்பில் பலன் கிடைக்கும் என்று அறத்தை வியாபாரம் செய்கிறவன் ஆய் அல்லன் என்னும் கருத்தை அமைத்துப் புறநானூற்றிலே அவனைப் பாடியவர் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். கால் ஊனமுற்ற புலவர் என்று அவர் பெயரே நமக்குச் சொல்கிறது. ஆய்க்குடியிலுள்ள பாலசுப்பிரமணியர் சந்நிதியில் வேண்டுதல் நிறைவேறியவர்கள், அனுமன் நதியின் படிக்கட்டில் பாயசத்தை வார்த்துக் குழந்தைகளை உண்ணச் செய்யும் படிப்பாயச நேர்த்தி இன்றும் நடந்துவருகிறது. கொடையும் ஊனமுற்றோர் பெருமையும் குழந்தைகளின் மகிழ்ச்சியும் ஊறிய அந்த மண்ணிலே பிறந்தவர்தான் திரு. எஸ். ராமகிருஷ்ணன் அவர்கள்.

1975ஆம் ஆண்டில் அவர் பொறியியல் பயின்றுவந்த இளைஞர். கடற்படை அதிகாரியாக வேண்டும் என்ற ஆசையோடு பெங்களூரில் நடந்த தேர்வுக்குச் சென்றார். உடல்திறன் சோதனைகள் முடியும் தறுவாயில் உயரத்திலிருந்து விழுந்து, முதுகுத்தண்டில் அடிபட்டு, கழுத்துக்குக் கீழே செயலற்றுப் போனார். தேகபலத்தை நிரூபிக்கச் சென்ற இடத்திலேயே தேகபலம் முழுவதும் போய்விட்டது. ராணுவ ஆஸ்பத்திரியில் நீண்ட காலம் சிகிச்சை பெற்ற அவர், ஊருக்குத் திரும்பியபோது, ஒரு டம்ளர் தண்ணீரைத் தாமாக எடுத்துக் குடிக்கவும் முடியாத நிலையிலே திரும்பினார். அந்த வயதில், அந்த நிலையில், அந்தச் சிற்றூரில் ஒருவர் தம் விதியை நொந்துகொண்டு மிச்ச காலத்தைக் கழித்திருந்தால் அவரைக் குறைசொல்ல யாருக்கு மனம் வரும்?

ஆயினும் அவர் வேறொன்று செய்தார். ஐக்கிய நாடுகள் சபை ஊனமுற்றோருக்கான சர்வதேச ஆண்டாகக் கொண்டாடிய 1981இல், ஊனமுற்ற குழந்தைகளுக்காக ஒரு சிறு பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார். கூரைக் கொட்டகை, ஐந்து குழந்தைகள். ஆஸ்பத்திரியில் தமக்குச் சிகிச்சையும் தைரியமும் கொடுத்த மருத்துவர், விமானப்படையின் ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹல் அவர்களின் நினைவாக ‘அமர் சேவா சங்கம்’ என்று பெயரிட்டார். தெற்குச் சீமையின் மூலையில், முருகன் கோயில் ஊரிலே, ஒரு சீக்கிய மருத்துவரின் பெயரால் ஒரு தர்ம ஸ்தாபனம் எழுந்தது. நன்றியறிதலின் பேரில் எழுப்பப்பட்ட எந்தக் கட்டடமும் மண்ணின் மேல் மட்டும் நிற்பதில்லை.

ஐந்து குழந்தைகள் என்று சொல்லும்போது நமக்குச் சிறியதாகத் தோன்றுகிறது. ஆனால் அந்த ஐந்து வீடுகளை எண்ணிப் பாருங்கள். போலியோவினால் கால் சூம்பிய பிள்ளையைக் கிராமத்தில் அந்நாளில் யார் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள்? விருந்தாளி வந்தால் உள்ளறையில் மறைத்து வைக்கப்பட்ட பிள்ளைகள் எத்தனை? முன்ஜென்ம பாவம் என்ற ஒரே வார்த்தையால் தாயின் வாயை அடைத்துவிட்ட உறவினர் எத்தனை பேர்? அத்தகைய ஒரு வீட்டுக்கு, கை கால் திடமாயுள்ள உபகாரி ஒருவர் வந்து, உங்கள் பிள்ளை படிப்பான் என்று சொன்னால், அதை அந்தத் தாய் இரக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் அதே வார்த்தையைச் சொன்னபோது, அது சாட்சியம் ஆகிவிட்டது. அவர் சொன்னதற்கு அவரே பிரமாணம். ஆகவே அவருடைய ஊனம் அவருடைய தொண்டுக்கு இடைஞ்சலாக நிற்கவில்லை. அந்தத் தொண்டுக்கு வேண்டிய யோக்கியதையை அதுவே அவருக்குச் சம்பாதித்துக் கொடுத்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தம் கையால் ஒரு செங்கலைக்கூட எடுத்து வைக்க முடியாத ஒருவர், 30 ஏக்கர் அளவில் விரிந்து கிடக்கும் ஒரு வளாகத்தை எப்படி எழுப்பினார்? ஒவ்வொரு செங்கலுக்கும் வேறொருவர் கையை நாடித்தான் எழுப்பினார். சங்கத்தின் ஒவ்வோர் அங்குலமும் யாரோ ஒருவர் வந்து சேர்ந்த கதை. அப்படி வந்தவர்களுள் தலையாயவர் திரு. எஸ். சங்கரராமன் அவர்கள். தசைச்சிதைவு நோயினால் தாமும் சக்கர நாற்காலியில் இயங்குபவர்; கணக்குத் தணிக்கையில் தேர்ச்சி பெற்ற பட்டயக் கணக்காளர். 1992இல் அவர் ஆய்க்குடிக்கு வந்து ராமகிருஷ்ணனோடு தோள் சேர்த்தார். ஊனமுற்றவர் ஒருவரிடம் இன்னோர் ஊனமுற்றவர் வந்து சேர்ந்தால் உலகத்தார் கணக்கில் குறை இரட்டிக்கவேண்டும்; அங்கே இரட்டித்தது வேலை.

இன்றைக்கு அந்த வளாகத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது, இயன்முறைச் சிகிச்சைக்கூடம் இருக்கிறது, செயற்கைக் கால்களும் காலிப்பர்களும் செய்யும் பட்டறை இருக்கிறது, தொழிற்பயிற்சி இருக்கிறது, ராமகிருஷ்ணனைப் போலவே முதுகுத்தண்டில் அடிபட்டவர்களுக்கு மறுவாழ்வுப் பிரிவும் இருக்கிறது. இவை எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்வது, சங்கத்தார் கிராமங்களுக்குள் போய்ச் செய்யும் வேலை. வளர்ச்சியில் பின்தங்கிய சிசுக்களை ஆரம்பத்திலேயே கண்டறிந்து பயிற்சி கொடுத்தால் பிற்காலத்து ஊனத்தை வெகுவாகக் குறைக்கலாம் என்பதனால், அந்தந்தக் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி அளித்து, வீடு வீடாக அனுப்பிவைக்கிறார்கள். பெரிய படிப்பில்லாத ஒரு பெண், ஒரு தாயின் பக்கத்தில் தரையில் அமர்ந்து, குழந்தையின் கழுத்து நிற்கிறதா, கை பிடிக்கிறதா என்று பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறாள். 2020ஆம் ஆண்டில் இந்திய அரசு ராமகிருஷ்ணன் அவர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அளித்துச் சிறப்பித்தது. கூரைக் கொட்டகைக்கும் இந்த விருதுக்கும் இடையே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளிலும் அவருடைய கைகால்கள் திரும்ப வரவில்லை. ஒரு மனிதரின் அந்தரங்க பக்தியை அளந்து பார்க்க நமக்கு உரிமையில்லை. காரியத்தை மட்டும் பார்ப்போம். சரீரம் அப்படியே இருக்க, சரீரத்தை மீறிய ஒன்று நாற்பது ஆண்டுகள் இடைவிடாமல் நடந்திருக்கிறது. அதற்கு இறையருள் என்று பெயர் சொல்ல நான் தயங்கமாட்டேன்.

இதே பழைய திருநெல்வேலிச் சீமையில், களக்காட்டுக்கு அருகிலுள்ள டோனாவூரில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இன்னொரு வரலாறு நிகழ்ந்தது. 1867இல் அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், சீன தேசத்தில் ஊழியம் செய்ய விரும்பி விண்ணப்பித்தபோது, உடல்நலம் போதாது என்று நிராகரிக்கப்பட்டவர். நரம்புவலி அவரை அடிக்கடி படுக்கையில் தள்ளியது. ஜப்பானுக்குச் சென்றார், அங்கும் உடம்பு தாங்கவில்லை. 1895இல் இந்தியாவுக்கு வந்தார். வந்தவர் 1951 ஜனவரி 18ஆம் நாள் டோனாவூரில் கண்மூடும் வரையில் ஒருமுறையேனும் தாய்நாட்டுக்குத் திரும்பிப் போகவில்லை.

1901ஆம் ஆண்டில், தேவதாசி முறைக்கு ஒப்படைக்கப்படவிருந்த ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அந்த ஒரு குழந்தையிலிருந்து டோனாவூர் இல்லம் வளர்ந்தது. பெண்குழந்தைகளைப் பொட்டுக்கட்டி ஒப்படைக்கும் வழக்கத்தை எதிர்த்து டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றோர் சட்டசபையிலும் மேடையிலும் போராடி, 1947இல் சென்னை மாகாணத்தில் அதைத் தடைசெய்யும் சட்டம் நிறைவேறுவதற்கு நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே, இந்த அம்மையார் குழந்தைகளை ஒவ்வொன்றாக ஏந்திக்கொண்டிருந்தார். கையில் நிரந்தர நிதி கிடையாது. மனிதரிடம் பணம் கேட்பதில்லை, தேவையை ஆண்டவனிடம் ஜெபத்தில் மட்டுமே சொல்வது என்பது அவர் விதித்துக்கொண்ட விரதம்.

பணம் கேட்காத அவர் மனிதர்களின் துணையை மட்டும் ஒருநாளும் மறுக்கவில்லை. அவரோடு உழைத்தவர்களில் பொன்னம்மாள் என்ற இளம் விதவை ஒருவர். விதவை என்ற காரணத்தால் அந்தக் காலச் சமூகம் மூலையில் உட்காரவைத்திருக்கக்கூடிய ஒரு பெண்மணி, கைக்குழந்தைகளைப் பராமரிக்கும் பொறுப்பு முழுவதையும் நெய்யூரில் இருந்தபடி ஏற்று நடத்தினார். 1915இல் புற்றுநோயால் அவர் காலமாகும் வரையில், அயர்லாந்துப் பெண்மணிக்குத் தெரியாத எத்தனையோ காரியங்கள் இந்தத் தமிழ்ப் பெண்மணிக்குத் தெரிந்திருந்தன. நோயாளியான அந்நியர் ஒருவரும் கைம்பெண் ஒருவரும் சேர்ந்து நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்குத் தாயானார்கள்.

பிறகு 1931இல், களக்காட்டில் மருத்துவசாலைக்காக ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்ற அம்மையார், இருட்டில் ஒரு குழியில் விழுந்து கால் ஒடிந்து முதுகெலும்பிலும் அடிபட்டார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவருக்கு உலகம் ஓர் அறையே. அந்த அறையிலிருந்து அவர் புத்தகங்கள் எழுதினார், கடிதங்கள் எழுதினார், குழந்தைகளின் பிறந்தநாளை நினைவில் வைத்து வாழ்த்தினார். நோயாளிகளுக்காக அவர் எழுதிய நூல் ஒன்று 1933இல் வெளிவந்தது. சுகமாயிருப்பவர் நோயாளிக்குச் சொல்லும் ஆறுதல் வேறு, வலியின் நடுவிலிருந்து வரும் ஆறுதல் வேறு என்பதை அறிந்தவர்கள், அந்த நூலைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்கள். அதைவிட முக்கியமானது, அவர் படுத்தபின்னும் இல்லம் நின்றுவிடவில்லை என்பது. வளர்ந்த பிள்ளைகளும் உடன் ஊழியர்களும் பொறுப்பை எடுத்துக்கொண்டார்கள். அவர் ஓடியாடித் திரிந்திருந்தால் ஒருவேளை எல்லாவற்றையும் அவரே செய்திருப்பார். படுத்ததனால் மற்றவர்கள் எழுந்து நின்றார்கள். தம் கல்லறையின் மேல் கல் நாட்டவேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டபடியால், பறவைகள் நீரருந்தும் ஒரு தொட்டியை அங்கே வைத்து, அதில் அம்மை என்ற சொல்லைப் பொறித்தார்கள்.

ஆய்க்குடியையும் டோனாவூரையும் சொன்ன நான், கடையநல்லூரைச் சொல்லாமல் போனால் நியாயமாகாது. இந்த ஊர்த் தெருக்களில் தறிச்சத்தம் ஓங்கி ஒலித்த நாட்களை உங்களில் மூத்தவர்கள் அறிவார்கள். நெசவு நலிந்தபோது இவ்வூர் முஸ்லிம் குடும்பங்கள் பல, பிழைப்பைத் தேடிக் கடல் கடந்து சிங்கப்பூருக்குச் சென்றன. துறைமுகத்தை அடுத்த தஞ்சோங் பகார் வட்டாரத்தில் அவர்கள் குடியேறினார்கள். கூலி வேலையும் சிறு வியாபாரமுமே பெரும்பாலோருக்கு ஆதாரம். அவர்கள் கூடி 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கத்தை அமைத்தார்கள். சில மாதங்களுக்குள் யுத்தம் வந்தது. ஜப்பானியர் ஆட்சி வந்தது. பஞ்சமும் பயமும் வந்தன. அவற்றையெல்லாம் கடந்து வந்த அந்த எளிய மக்கள், யுத்தம் முடிந்த மறு ஆண்டாகிய 1946இல், தம் பிள்ளைகளுக்காக ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நிறுவி, சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரைச் சூட்டினார்கள்.

அடுத்த வேளைக்கு அரிசி தேடவேண்டிய ஒரு சமுதாயம் பள்ளிக்கூடம் கட்டுவதென்றால், அதைத் துணிச்சல் என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது, அது தவக்குல். அந்தப் பள்ளி உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, பல தலைமுறை மாணவர்களுக்குத் தமிழைக் கொடுத்து, 1982இல் மூடப்பட்டது. மூடப்பட்டதை மறைக்க வேண்டியதில்லை. இறைவனை நம்பித் தொடங்கிய காரியங்கள் எல்லாம் என்றென்றும் நிற்கும் என்று எந்த வேதமும் நமக்கு வாக்குக் கொடுக்கவில்லை. டோனாவூரில் கைக்குழந்தைகள் சிலர் கைமீறிப் போனதும் உண்டு. ஒரு காரியம் எத்தனை காலம் நிற்கவேண்டும் என்று நிர்ணயிப்பது அவன் பொறுப்பு. அது நிற்கும் காலம் வரை உண்மையாக உழைப்பது நம் பொறுப்பு. உமறுப் புலவரின் பெயர் இன்றும் சிங்கப்பூரில் ஒரு தமிழ்மொழி நிலையத்துக்கு வழங்குகிறது. அங்கே இப்போதும் பிள்ளைகள் தமிழ் படிக்கிறார்கள்.

நெசவைப் பற்றிப் பேச்சு வந்ததனால் ஒன்று சொல்லுகிறேன். தறிக்குழியில் இறங்கி நெய்கிறவர் ஒருவரே ஆனாலும், பாவு விரித்துக் கஞ்சி போடுகிற வேலையை எவ்வளவு கைதேர்ந்த நெசவாளரும் தனியே செய்துவிட முடியாது. அதிகாலையில் பாவடியில் நூலை நீளமாகப் பிடிக்க அந்தக் கோடியில் ஆள் வேண்டும், இந்தக் கோடியில் ஆள் வேண்டும், நடுவிலே அறுந்த இழையை முடிய ஆள் வேண்டும். வீட்டுப் பெண்களும் அண்டை வீட்டாரும் வந்து நின்றால்தான் பாவு தறிக்கு ஏறும். சேலையைப் பார்க்கிறவர்களுக்கு நெய்தவரின் கை மட்டுமே தெரிகிறது. பாவு பிடித்த கைகள் தெரிவதில்லை. நற்காரியங்களும் அத்தகையவையே. தென்காசியிலே பிறந்து, நெசவைத் தொழிலாகக் கொண்டு, ஞானப்பாடல்கள் பல இயற்றித் தக்கலையில் அடங்கியிருக்கும் பீர்முகம்மது அப்பா அவர்களின் ஞானப்புகழ்ச்சியை ஆண்டுதோறும் இரவு முழுவதும் பலர் கூடிப் பாடுகிறார்களே, ஒரு நெசவாளியின் தனிமையில் பிறந்த பாட்டு ஒரு சமுதாயத்தின் குரலானதும் இந்த நியதிப்படியே.

இனி, அன்பர்களே, இரண்டு ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லவேண்டும்.

முதலாவது, அப்படியானால் ஆண்டவன் தன் வேலைக்காக மனிதரை நோயிலும் ஊனத்திலும் தள்ளுகிறானா என்ற கேள்வி. இதற்கு ஆம் என்று பதில் சொல்ல எனக்கு நா எழாது. சொல்லுகிறவர்களை நான் நம்புவதுமில்லை. வலிப்பவனிடம் போய், இது உனக்கு நன்மைக்கே என்று சொல்வதைப் போலக் கொடுமை வேறில்லை. ராமகிருஷ்ணன் விழுந்தது நன்று என்று யாரும் சொல்லவேண்டாம். விழுந்த இடத்திலும் அவரைவிட்டு நீங்காத ஒரு துணை இருந்தது, அந்தத் துணையைப் பற்றிக்கொண்டு அவர் ஐந்து குழந்தைகளிடம் போனார் என்பதே போதும். பவுலடியார் தம் சரீரத்தில் முள்போல் குத்திக்கொண்டிருந்த ஒரு பலவீனம் நீங்கவேண்டும் என்று மும்முறை வேண்டியதாகவும், அது நீங்காமல் அதைத் தாங்கும் கிருபை கிடைத்ததாகவும் சொல்கிறார். முள் நல்லதென்று அவரும் சொல்லவில்லை.

இரண்டாவது, இதைவிட அபாயமானது. இறைவன் பார்த்துக்கொள்வான் என்ற சொல்லை நலிந்தவன் சொன்னால் அது நம்பிக்கை. வசதியுள்ளவன் நலிந்தவனைப் பார்த்துச் சொன்னால் அது கைகழுவல். பள்ளிக்கூட வாசலில் ஆறு படிகள் கட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சாய்தளம் கட்டாமல், அது அவன் விதி என்று சொல்வது தெய்வ நிந்தனை. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக 1995இலும் 2016இலும் நம் நாட்டில் சட்டங்கள் வந்திருக்கின்றன. சட்டம் கொடுத்த உரிமையை நாம் தர்மமாகக் கொடுப்பதாக எண்ணி மார்பு நிமிர்த்தவேண்டாம். பலவீனனின் நம்பிக்கைக்கு ஆண்டவன் அனுப்பும் பதில் பெரும்பாலும் ஒரு மனிதரின் உருவத்தில்தான் வருகிறது. அந்த மனிதராக நீங்களும் நானும் அழைக்கப்பட்டிருக்கும்போது நாம் வராமல் நின்றுவிட்டால், கேட்டவனுக்கு வேறொருவர் வருவார். நாம் இழந்தது நமக்குத் திரும்பாது.

ஆகவே இரண்டு விதமான மக்களுக்கு இரண்டு வேண்டுகோள் வைத்து என் உரையை முடிக்கிறேன். உங்களில் உடம்பாலோ பொருளாலோ வயதாலோ தளர்ந்தவர்கள் இருந்தால், தளர்ச்சி தீரட்டும் என்று காத்திருக்கவேண்டாம். ஐந்து குழந்தைகள் போதும். ஒரு குழந்தையும் போதும். உங்களால் முடிந்ததைச் செய்துவிட்டு, முடியாததை வாய்விட்டுக் கேளுங்கள். ஆண்டவனிடம் கேட்பதிலும் அவமானமில்லை. அடுத்த வீட்டாரிடம் கேட்பதிலும் அவமானமில்லை. மூசா நபி கேட்டார்.

பலமும் பொருளும் உள்ளவர்கள் இருந்தால், நாளைக் காலையில் உங்கள் தெருவில் எந்த வீட்டின் உள்ளறையில் எந்தப் பிள்ளை மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று விசாரியுங்கள். அந்த வீட்டுத் தாயிடம், ஆய்க்குடி எட்டும் தூரத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள். சொல்வதோடு நில்லாமல், பஸ் ஏற்றி அழைத்துக்கொண்டு போங்கள். தென்காசி தனி மாவட்டமாகி 2019 முதல் அலுவலகங்கள் பக்கத்திலேயே வந்துவிட்டன. மாற்றுத்திறனாளிக்குரிய சான்றும் உதவியும் பெற அந்தத் தாய் தனியே அலையாமல் துணைக்குப் போங்கள். இவற்றில் எதற்கும் பெரும் பணம் வேண்டாம். பெரும் படிப்பும் வேண்டாம். அந்த ஒரு குழந்தை எழுத்துப் பலகையைக் கையில் பிடிக்கும் நாளில், இறைவன் எளியோர் வழியாகக் காரியம் செய்கிறானா என்று நீங்கள் யாரையும் கேட்கவேண்டியிராது; அவனுடைய காரியத்தில் உங்கள் கையும் இருந்திருக்கும்.